வந்தவர் எதற்காக வந்தார்?

இது ஒரு டீயில் முடிகிற விஷயம் இல்லை; இன்னொன்று சொல்லிவிட்டு உட்காருங்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் நாலு சிஎன்சி மெஷின் போட்டு ஜாப் வொர்க் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காக்களூர் தொழிற்பேட்டை என்றாலும் கதை ஒன்றுதான். பட்டறைக்கு வெப்சைட் போட்டாயிற்று, ஆள்தான் வரவில்லை. யாரோ சொன்னார்கள் என்று ஒரு ட்ராஃபிக் எக்ஸ்சேஞ்சில் சேர்கிறீர்கள். மறுநாளிலிருந்து தினம் இருநூறு பேர். ஒரு போன் கிடையாது, ஒரு என்கொயரி கிடையாது. இந்த இருநூறு பேரை எப்படி எடை போடுவது?

முதலில் அங்கே நடப்பதைப் பார்ப்போம். உறுப்பினர் ஆனதும் மற்றவர்களுடைய பக்கங்கள் ஒவ்வொன்றாக உங்கள் திரையில் வரும். மேலே டைமர் ஓடும். இடத்துக்கு இடம் பத்து, இருபது, முப்பது விநாடி என்று மாறும். முடிந்ததும் ஒரு படத்தைத் தொட்டால் கணக்கில் கிரெடிட் ஏறும். அந்தக் கிரெடிட் செலவாகும்போது உங்கள் பக்கம் இன்னொருவர் திரையில் விரியும். சில இடங்களில் தொடவே வேண்டாம். 'ஆட்டோசர்ஃப்' போட்டுவிட்டால் பக்கங்கள் தானாக மாறிக்கொண்டிருக்கும், ஆள் சாப்பிடப் போயிருப்பார்.

கல்யாண மொய்தான் இது. மொய் நோட்டில் ஏறிய ஐநூறு ரூபாய் திருப்பிச் செய்ய வேண்டிய ஐநூறு. அதை வருமானம் என்று யாரும் எழுதிக்கொள்வதில்லை. தமிழ் வலைப்பதிவர்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது. காசி ஆறுமுகம் 2004-ல் தொடங்கிய தமிழ்மணம் திரட்டியில் பதிவுகளுக்கு வாக்களிக்கும் வசதி வந்த பிறகு, பின்னூட்டத்தில் 'த.ம. 1' என்று போட்டுவிட்டுப் போகும் வழக்கம் பரவியது. நீ எனக்கு, நான் உனக்கு. ஆனாலும் அங்கே இரு பக்கமும் தமிழ் படிக்கிறவர்கள். வாக்குப் போட வந்தவர் நாலு வரி படித்து, பிடித்துப்போய்த் தங்கிவிட வாய்ப்பு உண்டு. எக்ஸ்சேஞ்சில் உங்கள் பக்கத்தைப் பார்ப்பவருக்கும் லேத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்க வேண்டியதில்லை.

இந்த ஏற்பாடு புதிதும் அல்ல. 1996-ல் அமெரிக்காவில் தொடங்கிய லிங்க்எக்ஸ்சேஞ்ச் விளம்பரப் பட்டைகளை இப்படி மாற்றிக் கொடுத்தது. அடுத்தவர் பட்டையை உங்கள் தளத்தில் இரண்டு முறை காட்டினால், உங்களுடையது வேறெங்கோ ஒரு முறை தெரியும். மிச்சம் ஒன்றை நிறுவனம் காசுக்கு விற்றது. 1998-ல் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தை 26.5 கோடி டாலருக்கு வாங்கியது. மாற்றிக்கொண்டவர்களைவிட மாற்றிக் கொடுத்தவருக்குத்தான் லாபம்.

இப்போது உங்கள் கணக்கைத் திறப்போம். கூகுள் அனலிட்டிக்ஸ் 4-ல் ஒரு வருகை பத்து விநாடியைத் தாண்டினாலே அது 'ஈடுபாடுள்ள வருகை' என்று பதிவாகிவிடும். இருபது விநாடி டைமருக்காகத் திரையில் காத்திருந்தவரும் அந்தக் கணக்கில் நல்லவராகவே தெரிவார். அதனால் அந்தச் சதவீதத்தைப் பார்த்து மயங்காதீர்கள். அமைப்பில் போய் அந்த வரம்பை அறுபது விநாடிவரை உயர்த்தலாம், உயர்த்திவிட்டுப் பாருங்கள்.

கூடவே எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுக்கும் முகவரியின் வாலில் ஒரு யூடிஎம் குறியை ஒட்டிக் கொடுங்கள். அவர்கள் கணக்கு தனியாக நிற்கும், மற்றவர்களோடு கலக்காது. பிறகு அந்த வரியை மட்டும் பாருங்கள். எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே விநாடியில் கிளம்புகிறார்களா? அப்படியானால் அது டைமரின் நேரம். உங்களுக்கு வேலை தரக்கூடியவர்கள் மணலியிலோ அம்பத்தூரிலோ எல்லை தாண்டி ஸ்ரீசிட்டியிலோ இருப்பார்கள். வந்தவர்கள் எந்த ஊர்? பக்கத்தின் அடிவரை யாராவது இறங்கினார்களா? பக்கத்தில் 90 சதவீதம் இறங்கினால்தான் அனலிட்டிக்ஸ் அதை 'ஸ்க்ரோல்' என்று குறிக்கும். மெஷின் பட்டியலைத் திறந்தார்களா? போன் எண்ணைத் தொட்டார்களா? டிராயிங் அனுப்பினார்களா?

இவற்றுக்கெல்லாம் பொதுவாக ஒன்று உண்டு: இவற்றைச் செய்தால் எக்ஸ்சேஞ்சில் கிரெடிட் கிடைக்காது. டைமர் முடியும்வரை இருப்பதற்குத்தான் அங்கே கூலி. ஆகவே கூலிக்குச் செய்ததைத் தள்ளிவிட்டு, கூலி இல்லாமல் செய்ததை மட்டும் எண்ணுங்கள். இருநூறில் இரண்டு பேர் மெஷின் பட்டியலைத் திறந்திருந்தால் உங்களுக்கு வந்தது இரண்டு பேர்.

செலவையும் பார்க்க வேண்டும். இரண்டு பக்கம் பார்த்தால் ஒரு வருகை என்ற விகிதம், இருபது விநாடி டைமர் என்று கொள்வோம். 150 பேரை வரவழைக்க நீங்கள் 300 பக்கம் பார்க்க வேண்டும்; அது 100 நிமிடம். அந்த நேரத்தில் நாலு கம்பெனியின் பர்ச்சேஸ் மேனேஜர்களிடம் பேசியிருக்கலாம். நிலுவையில் கிடக்கும் கொட்டேஷனை அனுப்பியிருக்கலாம்.

தளத்தில் ஆட்சென்ஸ் விளம்பரம் வைத்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஆட்டோசர்ஃப், கிளிக் எக்ஸ்சேஞ்ச் போன்றவற்றிலிருந்து ஆள் கொண்டுவருவதை கூகுள் தன் விதிகளில் தடை செய்திருக்கிறது, கணக்கையே முடக்கலாம்.

அப்படியானால் எக்ஸ்சேஞ்சால் யாருக்கும் பயன் இல்லையா? உண்டு. அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் தங்கள் தளத்துக்கு ஆள் தேடுகிறவர்கள். வெப்சைட் வடிவமைப்பவருக்கும் ஹோஸ்டிங் விற்பவருக்கும் அவர்களே வாடிக்கையாளர்கள். ஷாஃப்ட் கடைந்து கொடுப்பவருக்கு அல்ல.

இன்னும் சந்தேகம் தீரவில்லை என்றால் ஒரு வாரம் எக்ஸ்சேஞ்சை நிறுத்திப் பாருங்கள். தினம் இருநூறு என்பது ஒன்பதாகச் சுருங்கலாம்; பயப்பட வேண்டாம். அந்த ஒன்பது பேர் எந்தச் சொல்லைத் தேடி வந்தார்கள் என்று கூகுள் சர்ச் கன்சோலில் பாருங்கள். யாராவது 'கும்மிடிப்பூண்டி சிஎன்சி ஜாப் வொர்க்' என்று தேடியிருந்தால், என்ன அளவு வரை கடைவீர்கள், எந்த உலோகம் எடுப்பீர்கள், எத்தனை நாளில் கொடுப்பீர்கள் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். அவர் தேடி வந்தது அதைத்தான்.