ஷாம்பு போத்தலில் ஒரு மூச்சு

காஜாங் உணவுக்கடை ஒன்றில் அமர்ந்திருக்கும்போது, ஒரு குவளைத் தண்ணீரில் உறிஞ்சுகுழாயை விட்டு ஊதிப் பாருங்கள். குழாய் ஆழமாக இறங்க இறங்க, குமிழி எழ இன்னும் பலமாக ஊத வேண்டியிருக்கும். இயற்பியலில் நாம் படித்த திரவ அழுத்தம்தான் இது. நிமோனியாவால் மூச்சுத் திணறும் குழந்தைக்கு உதவுவதும் இதே விதிதான்.

நிமோனியா வந்தால் நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளில் நீர் கோத்துக்கொள்ளும். சில சுருங்கி மூடிக்கொள்ளும். அப்போது தொண்டைக்குள் குழாய் இறக்காமல், மூக்கு வழியே ஆக்சிஜன் கொடுத்து, மூச்சு வெளியேறும் குழாயின் முனையைத் தண்ணீரில் அமிழ்த்துகிறார்கள். அந்தத் தண்ணீரின் அழுத்தம் காற்றறைகளைத் திறந்தே வைத்திருக்கும். இதற்குப் 'பபிள் சிபேப்' என்று பெயர்.

வங்காளதேச மருத்துவர் முகமது ஜோபாயர் சிஸ்தி இதை ஷாம்பு போத்தலைக் கொண்டே அமைத்தார். டாக்காவில் 225 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2015-இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. வழக்கமான குறைந்த வேக ஆக்சிஜன் பெற்ற 67 பேரில் 10 பேர் இறந்தனர். குமிழி முறையில் 79 பேரில் 3 பேர்.

ஆனால், மலாவியின் ஒரு மாவட்ட மருத்துவமனையில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வின் முடிவு நேர்மாறானது. கூடுதல் ஆபத்திலிருந்த குழந்தைகளில், சிபேப் பெற்றவர்களில் 17 விழுக்காட்டினர் இறந்தனர். ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களில் 11 விழுக்காட்டினர். அங்கு மருத்துவரின் அன்றாட மேற்பார்வை இல்லை. டாக்காவில் மருத்துவர்கள் அருகிலேயே இருந்தார்கள்.

மருத்துவமோ தாதிமையோ பொறியியலோ படிக்க நினைக்கும் மாணவர்களே, கருவி மலிவாக இருக்கலாம். அதன் அருகில் நின்று கவனிக்க, பயிற்சி பெற்ற ஆள் வேண்டும்.