பனித்தரை ராணிகள் – 9: வெண்கலச் சிங்கங்கள்

சென்ற வாரம் கனடாவைப் பார்த்தோம். இந்த வாரம், கனடாவையும் அமெரிக்காவையும் முப்பது ஆண்டுகளாக மூன்றாம் படியிலிருந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும் அணி: ஃபின்லாந்து.

பெண்கள் ஐஸ் ஹாக்கியின் முதல் உலக சாம்பியன்ஷிப் 1990-ல் ஒட்டாவாவில் நடந்தது. ஃபின்லாந்துப் பெண்கள் ஐரோப்பாவின் சாம்பியன்களாகப் போய் இறங்கினார்கள். அரையிறுதியில் கனடா, அதுவும் அவர்கள் சொந்த ஊரில். 6-5 என்று ஒரே ஒரு கோலில் தோற்றார்கள். அதற்கடுத்து ஸ்வீடனை வென்று வெண்கலம். 1992, 1994, 1997, 1999, 2000 ஆகிய ஆண்டுகளிலும் அதே வெண்கலம்தான். ஐரோப்பாவுக்குள் அவர்களை அசைக்க ஆளில்லை. முதல் நான்கு ஐரோப்பிய சாம்பியன்ஷிப்புகளும் அவர்களுக்கே. அட்லாண்டிக்கைத் தாண்டினால் மட்டும் கதை மாறிவிடும்.

1998-ல் நாகானோவில் பெண்கள் ஐஸ் ஹாக்கி முதன்முதலாக ஒலிம்பிக்கில் நுழைந்தது. அங்கே அதிகப் புள்ளிகள் எடுத்தவர் கனடாக்காரரும் அல்ல, அமெரிக்கரும் அல்ல. ரீக்கா நீமினென் என்ற ஃபின்லாந்துப் பெண். 7 கோல், 5 அசிஸ்ட். அணிக்குக் கிடைத்தது, சொல்லவே வேண்டாம், வெண்கலம்.

ரீக்கா 2002-ல் ஓய்வு பெற்றார். திருமணம், குழந்தைகள் என்று வாழ்க்கை நகர்ந்தது. 2010-ல் உலக ஐஸ் ஹாக்கியின் புகழ் மன்றத்தில் பெயரும் ஏறிவிட்டது. பொதுவாக அத்தோடு கதை முடிந்துவிடும். இவரோ நாற்பது வயதில் மறுபடியும் ஸ்கேட்டைக் கட்டிக்கொண்டு, ரீக்கா வாலிலா என்ற புதுப் பெயரோடு சோச்சி ஒலிம்பிக்கில் ஆடினார். 2018-ல் பியோங்சாங்கில் வெண்கலம் வாங்கியபோது வயது 44. முதல் ஒலிம்பிக் பதக்கத்துக்கும் அதற்கும் இடையே இருபது ஆண்டுகள்!

இந்த அணிக்குத் திறமைப் பஞ்சம் இருந்ததே இல்லை, பஞ்சமெல்லாம் காசுக்குத்தான். கோல்கீப்பர் நோரா ராட்டி 2014-ல், 24 வயதில், பெண்கள் ஹாக்கியை விட்டே போவதாக அறிவித்தார். சம்பளம் தரும் லீக் இல்லை என்பதே காரணம். உள்நாட்டில் ஆண்களின் இரண்டாம் நிலை லீகில் போய் ஆடினார். நல்லவேளை, தேசிய அணிக்குத் திரும்பி வந்தார். வராவிட்டால் 2019 நடந்தே இருக்காது.

அந்த ஆண்டு உலக சாம்பியன்ஷிப் ஹெல்சின்கியை ஒட்டிய எஸ்போ நகரில். அரையிறுதியில் கனடாவை 4-2 என்று சாய்த்தார்கள். கனடா இல்லாத இறுதிப் போட்டி அதுவே முதல்முறை. ஏப்ரல் 14 அன்று அமெரிக்காவுக்கு எதிராக ஆட்டம் 1-1 என்று நின்று கூடுதல் நேரத்துக்குப் போனது. கேப்டன் யென்னி ஹீரிகோஸ்கி கோலை நோக்கிப் பாய்ந்தார். அமெரிக்க கோல்கீப்பர் ரிக்ஸ்பியும் அவரும் மோதிக்கொண்டார்கள். சிதறி வந்த பக்கை பெட்ரா நீமினென் வலைக்குள் தள்ளினார். அரங்கம் வெடித்தது. கையுறைகளும் ஹெல்மெட்டுகளும் பறந்தன. வீராங்கனைகள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கட்டிப் புரண்டார்கள்.

நடுவர்கள் மட்டும் கொண்டாடவில்லை. காணொளியைப் பார்த்தார்கள், திரும்பப் பார்த்தார்கள். பத்து நிமிடம் போல இழுத்த ஆய்வுக்குப் பிறகு தீர்ப்பு வந்தது: கோல்கீப்பருக்கு இடையூறு, கோல் செல்லாது. அதே மூச்சில், காலைத் தடுக்கிவிட்டதாக ரிக்ஸ்பிக்கும் ஒரு பெனால்டி!

இதுதான் எனக்கு இன்றுவரை செரிக்காத இடம். தடுக்கிவிட்டது கோல்கீப்பர் என்றால், இடையூறு செய்தது எப்படி எதிராளியாகும்? சர்வதேச சம்மேளனம் விதி எண்களை அடுக்கி விளக்கம் கொடுத்தது. ஃபின்லாந்தின் முறையீடு தள்ளுபடியானது. விதிப் புத்தகத்தில் அதற்கு இடம் இருக்கலாம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

கழற்றி வீசியதையெல்லாம் பொறுக்கி மாட்டிக்கொண்டு மறுபடி ஆடினார்கள். ராட்டி அன்று தடுத்த ஷாட்டுகள் 50. ஷூட் அவுட்டில் அமெரிக்கா வென்றது. ஃபின்லாந்துக்கு வெள்ளி. 45 வயதில் ரீக்கா வாலிலாவும் அந்த அணியில் இருந்தார்.

அடுத்த மாதமே பிராட்டிஸ்லாவாவில் ஃபின்லாந்தின் ஆண்கள் அணி உலக சாம்பியன்ஷிப்பை வென்றது. பெண்கள் பழைய படிக்கே திரும்பினார்கள்: 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம், 2024, 2025 உலக சாம்பியன்ஷிப்புகளிலும் வெண்கலம்.

அந்தக் கோலின் காணொளி இணையத்தில் கிடைக்கிறது. பார்த்துவிட்டு உங்கள் தீர்ப்பை எழுதுங்கள். அடுத்த வாரம், 2006-ல் டூரினில் அமெரிக்காவை வீழ்த்திய ஸ்வீடன்.