64-ஆம் இடத்துக்கு நடக்கும் போராட்டம்

2025 மே 5 அன்று இரவு, இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் 28 வயதுச் சீன இளைஞர் ஜாவ் ஷின்டாங் உலக ஸ்னூக்கர் கோப்பையைக் கையில் வாங்கினார். இந்தப் பட்டத்தை வென்ற முதல் ஆசியர் அவர்தான். இறுதி ஆட்டத்தில் 18-12 என்று அவரிடம் தோற்ற வேல்ஸ் வீரர் மார்க் வில்லியம்ஸ் மூன்று முறை உலகச் சாம்பியன், வயது 50. வியப்பு இதோடு முடியவில்லை. கோப்பை வாங்கிய அன்று தொழில்முறை ஆட்டக்காரர்களின் பட்டியலில் ஜாவின் பெயரே கிடையாது. அமெச்சூராக வந்து ஆடி வென்றார்.

இது எப்படிச் சாத்தியம்? ஸ்னூக்கர் சீசனை நடத்திச் செல்வது ஒரு பணக் கணக்கு. அதைத் தெரிந்துகொண்டால் இதற்கும் விடை கிடைத்துவிடும்.

டென்னிஸில் தரவரிசைக்குப் புள்ளி கொடுக்கிறார்கள். ஸ்னூக்கரில் பரிசுப் பணமே புள்ளி. ஒரு பவுண்டு வென்றால் கணக்கில் ஒரு பவுண்டு ஏறும். அப்படி ஏறியது இரண்டு ஆண்டுகள் நிற்கும், பிறகு கழிந்துவிடும். 2024-இல் உலகச் சாம்பியனான கைரன் வில்சனுக்குக் கிடைத்த 5 லட்சம் பவுண்டு, 2026 உலகப் போட்டி முடிந்ததும் அவர் கணக்கிலிருந்து நீங்கும். அதற்குள் வேறு போட்டிகளில் ஈடுகட்டாதவர் சறுக்க வேண்டியதுதான். பழைய பெருமையை வைத்து யாரும் இந்தப் பட்டியலில் உட்கார்ந்திருக்க முடியாது.

தொழில்முறைச் சுற்றில் இருப்பவர்கள் சுமார் 128 பேர். புதிதாக நுழைபவருக்கு இரண்டு ஆண்டு அனுமதி கிடைக்கும். அது முடியும்போது முதல் 64 இடங்களுக்குள் இல்லையென்றால், பொதுவாக வெளியே போக வேண்டியதுதான். தொலைக்காட்சி முதல் பத்துப் பேரையே காட்டுகிறது. சீசனின் ஈரமும் உக்கிரமும் 55-க்கும் 75-க்கும் நடுவே இருப்பவர்களிடம்தான் இருக்கின்றன.

2024-25 சீசனையே எடுத்துக்கொள்வோம். ஜூனில், லெஸ்டர் நகரில் ஆரவாரமே இல்லாத ஓர் அரங்கில் சாம்பியன்ஷிப் லீக் தொடங்கியது. நான்கு நான்கு பேராகக் குழு பிரித்து, நான்கே ஃபிரேம் (மேஜையில் பந்துகளை அடுக்கி ஒரு முறை ஆடி முடிக்கும் சுற்று) கொண்ட சிறு ஆட்டங்கள். அதை அலி கார்ட்டர் வென்றார். பிறகு பணம் கிழக்கே நகர்ந்தது. ஷியான், வூஹான் நகரங்களில் போட்டிகள்; சவூதி அரேபியாவில் முதல் முறையாக ஒரு பெரும் தரவரிசைப் போட்டி. அதில் மார்க் வில்லியம்ஸை 10-9 என்று வென்ற ஜட் ட்ரம்ப் 5 லட்சம் பவுண்டு பெற்றார். உலகப் போட்டியின் முதல் பரிசும் அவ்வளவுதான்! குளிர்காலத்தில் யார்க் நகரில் யுகே சாம்பியன்ஷிப், அதுவும் ட்ரம்புக்கே. ஜனவரியில் லண்டன் அலெக்ஸாண்ட்ரா பேலஸில் மாஸ்டர்ஸ்: முதல் 16 பேருக்கு மட்டும் அழைப்பு, தரவரிசைக்குக் கணக்கில்லை, ஆனாலும் கௌரவம் பெரிது. ஷான் மர்ஃபி அங்கே பட்டம் வென்றார். அரையிறுதியில் அவர் 147 அடித்தார்.

அந்த 147 என்ன என்று சொல்லிவிடலாம். பன்னிரண்டடி நீள மேஜையில் 15 சிவப்புப் பந்துகள், ஆறு நிறப் பந்துகள், அடிக்க ஒரு வெள்ளைப் பந்து. ஒரு சிவப்பைக் குழியில் போட்டால் 1 புள்ளி. உடனே ஒரு நிறப் பந்தைப் போட வேண்டும். மஞ்சளுக்கு 2 என்று தொடங்கிக் கறுப்புக்கு 7 வரை. ஒவ்வொரு சிவப்புக்குப் பின்னும் கறுப்பையே போட்டு, கடைசியில் ஆறு நிறங்களையும் வரிசையாக முடித்தால் 147. எதிராளி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவரால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. ஒரே மூச்சில் 100 புள்ளியோ அதற்கு மேலோ எடுத்தால் அது சென்சுரி. அந்த ஒரே சீசனில் ட்ரம்ப் 107 சென்சுரி அடித்து, நீல் ராபர்ட்சனின் 103 என்ற சாதனையை முறியடித்தார்.

நம் பக்கத்துத் தொடர்பு ஒன்றும் உண்டு. 1875-இல் ஜபல்பூரில் ராணுவ அதிகாரி நெவில் சேம்பர்லின் தொடங்கிவைத்த இந்த ஆட்டத்தின் விதிகள் 1882-இல் எழுதி ஒட்டப்பட்டது ஊட்டி கிளப்பில் என்பதே ஏற்கப்பட்ட வரலாறு. அந்தக் கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறை இன்றும் இருக்கிறது. தொழில்முறைச் சுற்றிலோ இந்தியர்கள் மிகக் குறைவு. 2013-இல் டெல்லியில் நடந்த இந்தியன் ஓப்பனில் ஆதித்ய மேத்தா இறுதி ஆட்டம் வரை போனார். தரவரிசைப் போட்டி ஒன்றில் அந்த உயரத்தைத் தொட்ட முதல் இந்தியர் அவர்.

இனி கீழ்த் தட்டுக்கு வருவோம். பல போட்டிகளில் முதல் சுற்றிலேயே தோற்பவருக்குக் கையில் ஒன்றும் வராது. பயணம், தங்குமிடம், பயிற்சி மேஜை எல்லாம் பெரும்பாலும் அவர் செலவு. 2022-23 சீசனில் ஸ்னூக்கர் நிர்வாகம், தொழில்முறைச் சுற்றில் யாராக இருந்தாலும் ஆண்டுக்குக் குறைந்தது 20,000 பவுண்டு உறுதி என்றது. நல்ல முடிவுதான், ஆனால் போதாது. அந்தத் தொகையில் பிரிட்டனில் வீட்டு வாடகை கொடுத்து, உலகம் சுற்றி ஆடுவது கடினம். உலகின் 70-ஆவது டென்னிஸ் வீரர் வசதியாக வாழ்கிறார்; உலகின் 70-ஆவது ஸ்னூக்கர் வீரர் அடுத்த ஆண்டு இதே வேலை இருக்குமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். இத்தனை கோடி புழங்கும் விளையாட்டில் இது சரியில்லை.

ஜாவ் இந்தப் படிகள் எல்லாவற்றையும் ஏறி, விழுந்து, மறுபடி ஏறியவர். 2021-இல் யுகே சாம்பியன். 2023-இல் சீன வீரர்கள் பத்துப் பேர்மீது ஆட்ட மோசடி வழக்கில் தண்டனை விழுந்தது. இருவருக்கு ஆயுள் தடை. ஜாவ் தம் ஆட்டம் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் இன்னொருவரின் மோசடிக்கு உடந்தையாக இருந்ததையும் பந்தயம் கட்டியதையும் ஒப்புக்கொண்டார். 20 மாதத் தடை 2024 செப்டம்பரில் தீர்ந்தது. அப்போது அவர் கணக்கில் ஒரு பவுண்டுகூட இல்லை. அமெச்சூர்களுக்கான கியூ டூரில் ஆடி, அடுத்த சீசனுக்கு அனுமதி சம்பாதித்தார். உலகப் போட்டிக்கோ நான்கு தகுதிச் சுற்றுகள் தாண்டி வர வேண்டியிருந்தது.

உலகப் போட்டி 1977 முதல் நடப்பது ஷெஃபீல்டின் குரூசிபிள் நாடக அரங்கில். ஆயிரம் இருக்கைகூட இல்லாத இடம். காலிறுதி வரை இரண்டு மேஜைகள், நடுவே ஒரு தடுப்பு. பக்கத்து மேஜையில் கைதட்டல் எழுந்தால் இந்தப் பக்கம் குனிந்தவர் நிமிர்ந்து, மறுபடி குனிய வேண்டும். வெள்ளைக் கையுறை அணிந்த நடுவர் பந்தை எடுத்துத் துடைத்து வைக்கும் சத்தம்கூட முன்வரிசைக்குக் கேட்கும். அரையிறுதிக்குத் தடுப்பு உயர்ந்து ஒரே மேஜை நிற்கும். முதல் சுற்றுக்கு 10 ஃபிரேம் வென்றால் போதும். இறுதியில் 18 வேண்டும், இரண்டு நாள் ஆட்டம்.

2025-இல் இங்கே ஜாவ் அரையிறுதியில் ரோனி ஓ'சல்லிவனை 17-7 என்று வீழ்த்தினார். நடப்புச் சாம்பியன் வில்சனோ முதல் சுற்றிலேயே லெய் பெய்ஃபானிடம் 9-10 என்று வெளியேறியிருந்தார். குரூசிபிளில் முதல் முறை பட்டம் வென்ற எவரும் மறு ஆண்டு அதைத் தக்கவைத்ததில்லை என்ற வரலாறு 2025-லும் மாறவில்லை.

பரிசுப் பணம் 5 லட்சம் பவுண்டு, பூஜ்யத்தில் இருந்த ஜாவின் கணக்கில் ஏறியது. அந்த ஒரே வெற்றியில் அவர் உலகத் தரவரிசையில் 11-ஆம் இடத்துக்கு வந்தார்.

கோப்பை கைமாறிய அதே நாளில் பட்டியலின் மறுமுனையில் 64-க்குக் கீழே கோடு போடப்படுகிறது. கோட்டுக்கு வெளியே நிற்பவர்கள், வருடக்கணக்கில் தொலைக்காட்சியில் ஆடியவர்கள் உட்பட, சில வாரங்களில் தொடங்கும் கியூ ஸ்கூல் போட்டிக்குச் சொந்தப் பணத்தில் கட்டணம் கட்டிப் பெயர் கொடுக்கலாம். அங்கே பார்வையாளர் கூட்டம் இல்லை, பரிசுப் பணமும் இல்லை. வெல்லும் சிலருக்கு மட்டும் இரண்டு ஆண்டு அனுமதி.