செவ்வாய்க்கிழமை கிளம்பாதீங்க!



போன வருஷம் நம்ம கூட்டமைப்பிலிருந்து 42 பேர் வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குக் கிளம்பினோம். விடியற்காலையிலேயே புளிசாதம் கட்டி, பிள்ளைகளைக் கிளப்பி, செங்கல்பட்டில் மின்சார ரயில் பிடித்துப் போய் இறங்கினால், கேட் பூட்டியிருந்தது. அன்றைக்கு செவ்வாய்க்கிழமை, பூங்காவுக்கு வார விடுமுறை. விசாரிக்காமல் தேதி வைத்தது நாங்கள்தான். "ஒரு நாள் கூலியை விட்டுட்டு வந்தோமே" என்று ஒரு அக்கா சொன்னது இன்னும் எங்கள் காதில் இருக்கிறது. அடுத்து போகிற குழுக்களுக்கு இப்படி ஆகக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறோம்.

1855-ல் சென்னைக்குள் ஆரம்பித்த மிருகக்காட்சி சாலை, இடம் போதாமல் 1985-ல் வண்டலூருக்கு வந்தது. ஏறக்குறைய 1,500 ஏக்கர். நடந்தே சுற்றினால் கால் விட்டுப்போகும். மூட்டுவலி உள்ளவர்களுக்கு பேட்டரி வண்டி இருக்கிறது, அதற்குத் தனிக் கட்டணம். வெள்ளைப்புலியைப் பார்க்கத்தான் பிள்ளைகள் ஓடும். தனியாக விட்டுவிடாதீர்கள்.

அதே ரயிலில் போனால் கிண்டி. ஊருக்கு நடுவில் 270 ஹெக்டேர் காடு, 1978-ல் தேசியப் பூங்கா ஆனது. காட்டுக்குள் நம்மை விடமாட்டார்கள். பக்கத்திலுள்ள சிறுவர் பூங்காவில் மான்களைப் பார்க்கலாம். இதற்கும் செவ்வாய் லீவுதான். சாப்பாடு கட்டின பிளாஸ்டிக் கவரைப் போட்டுவிட்டு வராதீர்கள். உப்பு வாசனைக்கு மான் அதைத் தின்றுவிடும், செரிக்காமல் வயிற்றை அடைத்து உயிரே போய்விடும்.

நாங்கள் அதிக நேரம் நின்றது பக்கத்துப் பாம்புப் பண்ணையில்தான். வயல் வேலைக்குப் போகிற நமக்கு இது வேடிக்கை இல்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நாலும்தான் நம்ம பக்கம் அதிகம் உயிரெடுப்பவை. கட்டுவிரியன் பெரும்பாலும் ராத்திரியில், தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். வலியும் வீக்கமும் பெரிதாக இருக்காது. அதனால் சும்மா இருந்துவிடுகிறோம், அதுதான் ஆபத்து. எது கடித்தாலும் இறுக்கிக் கட்டாமல், கீறாமல், கடிபட்டவரை நடக்க விடாமல் நேரே அரசு மருத்துவமனைக்குப் போகவேண்டும். விஷமுறிவு மருந்து அங்கேதான். அந்த மருந்துக்கு விஷம் எடுத்துக் கொடுப்பவர்கள் வடநெம்மேலியில் 1978-ல் ஆரம்பித்த இருளர் கூட்டுறவு சங்கத்தார். எங்களோடு வந்த இருளர் குழுச் சகோதரி இதைச் சொன்னபோது, அதுவரை அவரோடு அதிகம் பேசாதவர்கள்கூட சுற்றி நின்று கேள்வி கேட்டார்கள்.

மெரினா போகிறவர்கள் மணலோடு நின்றுகொள்ளுங்கள். அலை திரும்பும்போது காலடி மண்ணையே இழுத்துவிடும்.

செலவுக்கு சுழல்நிதியையோ கடன் பணத்தையோ தொடவேண்டாம். மாதம் 20 ரூபாய் தனியாகச் சேர்த்து, தீர்மான நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஆறு மாதத்தில் ஒரு ஆளுக்கு 120 ரூபாய் ஆகும். ரயிலுக்குப் போக மீதி இருக்கும், நுழைவுக் கட்டணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். சென்னைக்குள் சாதாரண கட்டண பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்லை.

அடுத்த பயணம் ஞாயிற்றுக்கிழமைதான். வர விரும்புகிறவர்கள் மாதக் கூட்டத்தில் உங்கள் ஊக்குநரிடம் பெயர் கொடுங்கள்.