ஓடிக் குறிபார்க்கும் கலை

பதுளை நகரில் புனித மாற்கு ஆலயம் என்றொரு பழைய ஆலயம் உண்டு. மேஜர் றொஜர்ஸ் என்னும் ஆங்கிலேய அதிகாரியின் நினைவாக எழுப்பப்பட்டது அது. பதுளையிலிருந்து இப்பகுதியை நிருவகித்த அவர், தம் துவக்கினால் ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றார் என்பர். 1845ஆம் ஆண்டில் அப்புத்தளையில் மின்னல் தாக்கி அவர் மாண்டார். குறி தவறாத கைக்கு எங்கள் மாகாணம் கட்டிய முதல் நினைவுச்சின்னம் இதுவாகவே இருக்கலாம். அதனை எண்ணும்போதெல்லாம் எனக்குப் பெருமை தோன்றுவதில்லை.

துவக்கு என்ற சொல்லே ஊவாவின் தோட்டப்புறங்களில் இனிய சொல் அன்று. தியத்தலாவையில் 1900ஆம் ஆண்டு போயர் போர்க் கைதிகளை அடைத்த முகாம், பின்னர் படைப்பயிற்சிக் களமாயிற்று. அதே ஆண்டிற் றோன்றிய தோட்டத் துரைமாரின் றைபிள் படை 1949 வரை நிலைத்தது. அதிற் சேர்ந்து குறிபார்க்கப் பழகியவர் வெள்ளைக்காரத் துரைமாரே. லயத்தில் வாழ்ந்தோர் வேட்டொலியைத் தொலைவிலிருந்து கேட்டதோடு சரி. 1983 யூலையில் பதுளைக் கடைவீதி எரிந்தபோது நான் பாடசாலை மாணவன். அதன் பின் வந்த போர்க்காலம் 2009 வரை நீண்டது. ஆகவே, குறிபார்த்துச் சுடும் விளையாட்டைப் பற்றி வானொலியிற் பேசத் துணிந்த பாடசாலை அதிபர் ஒருவரை நீங்கள் ஐயத்தோடு நோக்கினால், நான் வருந்தமாட்டேன்.

பேச நேர்ந்த காரணம் ஒரு மாணவி. 2024ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒலிம்பிக் விழாவில் இளவேனில் வாலறிவன் என்னும் பெயரைக் கைபேசியிற் கண்டாள் அவள். கடலூரிற் பிறந்து குஜராத்தில் வளர்ந்த அவ்வீராங்கனைக்கு அங்கே பதக்கம் கிட்டவில்லை. ஆயினும் ஒரு தமிழ்ப் பெயர், பத்து மீற்றர் தூரத்துக் குறியின்முன் நின்றது எங்கள் மாணவிக்குப் போதுமாயிருந்தது. "நாமளும் இதைப் பழகலாமா, சேர்?" என்று கேட்டாள். நம் நாட்டுப் பெண்கள் இருவர், மாலினி விக்கிரமசிங்கவும் புஷ்பமாலி ராமநாயக்கவும், 1994ஆம் ஆண்டு கனடாவின் விக்டோரியா நகரில் நடந்த பொதுநலவாய விளையாட்டு விழாவில் வளித்துப்பாக்கி இணையர் போட்டியிற் பொற்பதக்கம் வென்றதை அவளுக்குச் சொன்னேன்.

அது நின்று சுடும் வகை. இன்று நான் விளக்க விரும்புவது ஓடிச் சுடும் வகை. செயல்முறைச் சுடுபோட்டி எனலாம். இதற்கான உலகக் கூட்டமைப்பு 1976ஆம் ஆண்டு அமெரிக்காவின் கொலம்பியா நகரில் நிறுவப்பட்டது. நுண்மை, வலிமை, விரைவு என்னும் பொருள்தரும் மூன்று இலத்தீன் சொற்களே அதன் குறிக்கோள். போட்டியாளர் ஓரிடத்தில் நிற்பதில்லை. தடுப்புச் சுவர்களுக்கிடையே ஓடி, குனிந்து, சட்டென நின்று, அட்டைக் குறிகளைச் சுட்டு, மீண்டும் ஓடவேண்டும். பெற்ற புள்ளிகளை எடுத்த வினாடிகளால் வகுப்பர். வருகின்ற ஈவே தகுதி.

கணக்கு ஆசிரியர் அல்லேன் எனினும், ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். ஆறு குறிகள், குறிக்கு இரண்டு வேட்டு, நடுப்பகுதிக்கு ஐந்து புள்ளி என்க. ஒருவர் பன்னிரண்டையும் நடுவிலே பதித்து 60 புள்ளி பெறுகிறார். எடுத்த நேரம் 15 வினாடி. ஈவு 4. மற்றொருவர் ஒன்பதை நடுவிலும் மூன்றை மூன்று புள்ளிப் பகுதியிலும் பதித்து 54 பெறுகிறார். நேரம் 12 வினாடி. ஈவு நாலரை. இவரே முந்துகிறார். ஆனால் அதே 12 வினாடியில் பதினொன்றை நடுவிற் பதித்து, ஒன்றை முற்றாகத் தவறவிட்டால் என்ன ஆகும்? 55இலிருந்து பத்து கழியும், ஈவு 3.75 ஆகிவிடும். அவசரம் எங்கே உதவும், எங்கே கெடுக்கும் என்பதை இவ்வகுத்தற் கணக்கு ஒரு நொடியிற் காட்டிவிடுகிறது.

விதிகளுள் நான் மிக மதிப்பது வேறு. குழல்வாய் எப்போதும் குறிக்களத்தை நோக்கியே இருத்தல் வேண்டும். பக்கவாட்டில் செங்கோணம் கடந்து பின்புறம் திரும்பினால் அக்கணமே வெளியேற்றம். குறிபாராது ஓடும்போது விரல் விசையைத் தொட்டாலும் அதே தண்டனை. எத்தகைய வீரருக்கும் விலக்கில்லை.

இனி உடற்பயிற்சி. நெடுந்தூர ஓட்டக்காரனின் உடல் இதற்கு முழுதும் பொருந்தாது. நாலைந்து அடி பாய்ந்து, உடனே நின்று, நின்ற கணத்தில் உடல் ஆடாதிருக்க வேண்டும். முழங்கால் சற்று மடிந்து, இடுப்புத் தாழ்ந்து, தோள்கள் தளர்ந்திருத்தல் நன்று. கைப்பிடி வலியதாயினும் விசையை அழுத்தும் விரல் மட்டும் மென்மையாக இயங்குதல் வேண்டும். மற்றை விரல்களும் சேர்ந்து இறுகினால் குறி விலகும். நெஞ்சு படபடக்கும்போதே சுட நேர்வதால் மூச்சையும் பழக்க வேண்டும். பனிச்சறுக்கி ஓடிவந்து ஐம்பது மீற்றர்க் குறியைச் சுடும் வடநாட்டு வீரர்கள் இதில் வல்லவர்கள்.

எல்லாவற்றினும் அரியது கண்ணின் பயிற்சி. முதற்குறியைச் சுட்டு முடித்தவுடன் கண் அடுத்த குறியிற் சென்று அமர, துவக்கு அதனைப் பின்தொடர வேண்டும். புதியவர்கள் கண்ணையும் துவக்கையும் ஒன்றாக இழுத்துச் செல்வர்; ஆதலால் குறியைத் தாண்டிப்போய் மீள்வர். இதனை அம்மாணவியின் தாயாருக்கு விளக்க முயன்றபோது, இருபதாண்டுக்கு மேலாகக் கொழுந்தெடுக்கும் அவ்வம்மையார் சிரித்துவிட்டார். "கை நிக்கிற எடத்துல கண்ணு நிக்காதுங்க சேர். கை கிள்ளுறப்பவே கண்ணு அடுத்த கொழுந்துக்குப் போயிரும்" என்றார். நான் நூல்களிற் படித்து அறிந்ததை அவர் மலையில் நின்று அறிந்திருந்தார். செங்குத்தான மலையில், கூடைப் பாரம் முதுகில் இழுக்க, இரு கைகளும் வெவ்வேறாக இயங்க, கால் வழுக்காமல் நிற்கும் அந்நிலையைவிடச் சிறந்த பயிற்சி எது?

ஆயினும் தோட்டத்து உடலைப் புகழ்ந்து மயங்கிவிடலாகாது. 2016ஆம் ஆண்டுக் குடிசன, சுகாதார மதிப்பீட்டின்படி, ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடளாவ நூற்றுக்குப் பதினேழு. தோட்டப்புறத்திலோ ஏறக்குறைய முப்பத்திரண்டு. காலைக் கூட்டத்தில் மயங்கி விழும் பிள்ளைகளைத் தாங்கிப் பிடித்தவன் நான். வெறும் தேநீரும் துண்டு ரொட்டியும் உண்டு வந்த பிள்ளையின் கை, எந்தப் பயிற்சியாலும் நடுங்காதிராது.

துவக்கு இல்லாமலே இக்கலையின் பெரும்பகுதியைப் பழகலாம் என்பது பலர் அறியாத செய்தி. தேர்ந்த வீரர்களே வெற்றுத் துவக்கோடு வீட்டிற் பல மணிநேரம் பழகுகின்றனர். நம் நாட்டில் துவக்கு வைத்திருக்க 1916ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் வேண்டும், அது நல்லதே. ஐந்திறப் போட்டியில் 2012 இலண்டன் ஒலிம்பிக் முதலாகக் குண்டில்லாத ஒளிக்கதிர்த் துப்பாக்கியே பயன்படுகிறது. அத்தகைய கருவி ஒன்றை வேண்டி ஓர் அலுவலகத்திற்கு இருமுறை எழுதினேன், மறுமொழி வரவில்லை. எனவே பாடசாலைப் படிக்கட்டில் ஏறி இறங்கி, நீர் நிறைந்த போத்தலை நீட்டிய கையில் ஏந்தி, சுவரில் ஒட்டிய வட்டங்களைக் கண்ணால் முந்திப் பார்த்து அம்மாணவி பழகுகிறாள். இப்போது அவளோடு வேறு நால்வரும் சேர்ந்துள்ளனர்.

தாயாரிடம் சம்மதம் கேட்டேன். நெடுநேரம் பேசாதிருந்தார். "ஓடட்டுங்க சேர், பார்க்கவும் பழகட்டும். துவக்கு மட்டும் வேணாம்" என்றார். அவர் சொல்லை மீற எனக்கு உரிமையில்லை. போத்தலில் இன்னும் சிறிது நீர் ஊற்றச் சொல்லியிருக்கிறேன்.