நால்வரில் தொடங்கிய சிறுநீரக ஆய்வு

மருத்துவர் ஒருவரைப் பற்றி விசாரிக்கும் குடும்பத்தினர், அவர் எத்தனை ஆய்வுக் கட்டுரைகள் எழுதியுள்ளார் என எண்ணிப் பார்ப்பதுண்டு. ஆனால் எண்ணிக்கை அதிகம் சொல்வதில்லை. ஒரு கட்டுரையில் எத்தனை நோயாளிகள் இருந்தனர், எத்தனை காலம் கவனிக்கப்பட்டனர், யாருடன் ஒப்பிடப்பட்டனர் என்பவையே நோயாளிக்குப் பயன் தருவன. தென்னாப்பிரிக்க அறுவை மருத்துவர் எல்மி முல்லரின் இரு கட்டுரைகளைக் கொண்டு இதனை விளக்கலாம்.

எச்.ஐ.வி. கிருமி சிறுநீரகத்தையும் தாக்கிச் செயலிழக்கச் செய்யும். தென்னாப்பிரிக்க அரசு மருத்துவமனைகளில் டயாலிசிஸ் வசதி குறைவு. ஆகவே, பின்னர் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தத் தகுதியுடையோருக்கே அது அளிக்கப்பட்டது. எச்.ஐ.வி. உள்ளோர் அத்தகுதி அற்றவராகக் கருதப்பட்டதால், டயாலிசிஸும் மறுக்கப்பட்டது. சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்த ஒருவருக்கு இது மரண தண்டனைக்கு ஒப்பானது. அதே வேளையில், மூளைச்சாவு அடைந்தவரின் குடும்பத்தார் உறுப்புக்கொடைக்கு இசைந்த பின்னரும், பரிசோதனையில் எச்.ஐ.வி. தெரியவந்தால் அச்சிறுநீரகங்கள் எவருக்கும் பயன்படாமற் போயின.

இவ்விரண்டையும் இணைத்தால் என்ன என்பதே முல்லர் எழுப்பிய வினா. தயக்கத்திற்குத் தக்க காரணங்கள் இருந்தன. மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காதிருக்க, நோயெதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்துகள் தரப்பட வேண்டும், எச்.ஐ.வி. உள்ளவருக்கோ அவ்வாற்றல் முன்னரே தளர்ந்திருக்கும். மேலும், கொடையாளரின் கிருமி வேறு வகையினதாய், பெறுநர் உட்கொள்ளும் மருந்துக்குக் கட்டுப்படாததாய் இருக்கக்கூடும்.

2008 செப்டம்பரில் கேப் டவுன் நகரின் குரூட் ஸ்கியூர் மருத்துவமனையில் முதல் அறுவை நடைபெற்றது. 1967இல் உலகின் முதல் மனித இதய மாற்று அறுவை நிகழ்ந்த மருத்துவமனை இதுவே. கிருமி மருந்துகளால் நன்கு கட்டுப்பட்டு, சிடி4 அணுக்கள் 200க்குக் குறையாதிருந்தோரே தேர்ந்தெடுக்கப்பட்டனர். 2010இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஒரு சிறு கடிதமாக முடிவு வெளிவந்தது. நான்கு நோயாளிகள், ஓராண்டு, நால்வரின் சிறுநீரகங்களும் நன்கு இயங்கின. இது செய்யக்கூடியதே என்பதற்கு மட்டுமே அக்கடிதம் சான்று. எத்தனை ஆண்டு நீடிக்கும் என்பதற்கு அதில் விடையில்லை.

2015இல் அதே இதழில் வெளியான கட்டுரையில் 27 நோயாளிகள் இடம்பெற்றனர். முதல் ஆண்டு முடிவில் உயிருடன் இருந்தோர் 84 விழுக்காடு. மூன்றாம் ஆண்டிலும் அதே 84. ஐந்தாம் ஆண்டில் 74. முதலிரு எண்களும் ஒன்றாயிருத்தல் கவனிக்கத்தக்கது: தொடக்கக் கால இழப்புகள் முதல் ஆண்டிலேயே நேர்ந்தன. மாற்று அறுவைக்குப் பின் முதல் மாதங்களில் நாங்கள் ஓயாது பரிசோதனைக்கு அழைப்பதன் காரணமும் இத்தகைய அனுபவமே. பொருத்திய சிறுநீரகத்தை உடல் நிராகரித்த நிகழ்வுகள் முதல் ஆண்டில் 8 விழுக்காடு. மூன்றாம் ஆண்டுக்குள் 22. நோயாளிகளின் இரத்தத்தில் எச்.ஐ.வி. கண்டறிய இயலாத அளவிலேயே நீடித்தது.

எனினும் ஐந்தாம் ஆண்டின் எண்ணை எச்சரிக்கையுடன் படிக்க வேண்டும். நோயாளிகளில் பாதிப்பேர் சுமார் இரண்டரை ஆண்டுகளோ அதற்கும் குறைவாகவோ மட்டுமே கவனிக்கப்பட்டிருந்தனர். எச்.ஐ.வி. இல்லாத கொடையாளரிடமிருந்து சிறுநீரகம் பெற்றவர்களுடன் நேரடி ஒப்பீடும் அதில் இல்லை.

அவ்வொப்பீடு அமெரிக்காவில் நிகழ்ந்தது. எச்.ஐ.வி. உள்ளோரின் உறுப்புகளைப் பயன்படுத்த அங்கிருந்த தடை, 2013இல் இயற்றப்பட்ட சட்டத்தால் ஆய்வுகளுக்கென நீக்கப்பட்டது. எச்.ஐ.வி. உள்ள 198 நோயாளிகளின் முடிவுகள் 2024இல் வெளியாயின. அவர்களுள் 99 பேர் எச்.ஐ.வி. உள்ள கொடையாளரிடமிருந்தும், ஏனைய 99 பேர் அது இல்லாத கொடையாளரிடமிருந்தும் சிறுநீரகம் பெற்றிருந்தனர். உயிர் வாழ்தலிலும் சிறுநீரகம் நிலைத்தலிலும் முதற் பிரிவினர் பின்தங்கவில்லை. ஆனால் கிருமி மீண்டும் இரத்தத்தில் தென்படுதல் அவர்களிடையே மிகுதியாயிருந்தது. ஆகவே கொடையாளரின் கிருமி பற்றிய பழைய கவலை முற்றிலும் நீங்கியதெனக் கொள்ள வேண்டாம். அவ்வாண்டு நவம்பரில், சிறுநீரகத்திற்கும் கல்லீரலுக்கும் ஆய்வு என்னும் நிபந்தனையையும் அமெரிக்க அரசு விலக்கியது.

இத்துறையின் பட்டறிவில் நம் நோயாளிகள் உடனே அறிய வேண்டியது ஒன்றுண்டு. ரிட்டோனாவிர் கலந்த எச்.ஐ.வி. மருந்துகள், டாக்ரோலிமஸ் என்னும் நிராகரிப்புத் தடுப்பு மருந்தின் அளவை இரத்தத்தில் பன்மடங்கு உயர்த்தும். எபாவிரென்ஸ் அதனைக் குறைக்கும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் மிகவும் குறைத்துவிடும். ஒரு மாத்திரையை நிறுத்தினாலோ புதிதாகச் சேர்த்தாலோ, மற்றதன் அளவையும் மாற்ற வேண்டியிருக்கும். எந்த மருத்துவரிடம் சென்றாலும், எந்த நோய்க்காகச் சென்றாலும், தாங்கள் உட்கொள்ளும் அனைத்து மருந்துகளின் சீட்டையும் உடன் கொண்டு செல்லுங்கள். மாற்றுச் சிறுநீரகப் பிரிவுக்குத் தெரிவிக்காமல் எம்மருந்தையும் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம்.