வாசலில் நாய் கட்டியிருக்கீங்களா?

தோழர்களே, தோட்டத்து லயத்துல நாயை அவிழ்த்துவிட்டே நமக்குப் பழக்கம். சிங்கப்பூர் பாசிர் ரிஸ்ஸில் தரைவீடே ஆனாலும் அது செல்லாது. மூன்று மாதம் தாண்டிய நாய்க்கு லைசென்ஸ் வேணும். இல்லாவிட்டால் 5,000 வெள்ளி வரை அபராதம். மூன்று நாய்க்கு மேல் கூடாது.

வெளியே வளர்த்தால் ஒதுங்க இடமும் தண்ணீரும் கட்டாயம். தண்ணிச் சட்டியை தினம் தேய்ச்சுக் கழுவுங்க, டெங்கிக் கொசு அதிலும் முட்டை போடும்.

ஏன் இத்தனை கெடுபிடி? 1953 முதல் அங்கே வெறிநாய் நோய் இல்லை. நம்ம சரவாக்கிலோ 2017ல் வந்து உயிர்களைக் குடித்தது. எந்த நாய் கடிச்சாலும் 15 நிமிஷம் சோப்புப் போட்டுக் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பிக்கிட்டு வீட்டிலேயே உட்கார்ந்துடாதீங்க. நோய் தலைக்கேறின பிறகு ஊசி பலிக்காது.